ஊழலும் நம் ஓட்டும்: மனு எழுத வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளுக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். பட்டா, முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று, குடிநீர் என்று எதற்காக வந்தாலும், எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும் நேரத்தில் பேச்சு ஓரிடத்துக்கு வந்துவிடும்: "இதெல்லாம் எழுதி என்ன சார் ஆகப்போகுது?" அதைச் சுற்றி வரும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே சேர்த்திருக்கிறேன். பேச்சு தமிழ்நாட்டைப் பற்றியது. வெளியூர் உதாரணங்கள் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் வருகின்றன.

"ஆபீஸ்ல லஞ்சம் வாங்குறாங்க, சரி. அதுக்கும் அரசியல்ல நான் கலந்துக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?"

அரசியலில் கலந்துகொள்வது என்றால் கட்சியில் சேர்வது, கொடி பிடிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஓட்டுப் போடுவது, கிராம சபையில் எழுந்து கேட்பது, மனு கொடுப்பது, கணக்கு கேட்பது, ஊர்க்காரர்களோடு சேர்ந்து ரோட்டுக்காக நிற்பது எல்லாமே அதில் சேரும்.

பட்டா மாறுதலை எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் போட்டு மூன்று மாதம் ஆகியும் காகிதம் அசையவில்லை. "கொஞ்சம் கவனிச்சுட்டா முடிஞ்சிடும்" என்று ஒருவர் சொல்கிறார். கவனிக்கிறீர்கள். நாலே நாளில் பட்டா கைக்கு வருகிறது. மனு எழுதுவது வீண், ஆளைப் பிடிப்பதுதான் வழி என்று அந்த நாலு நாளில் கற்றுக்கொள்கிறீர்கள். அப்புறம் தெருவில் தண்ணீர் வரவில்லை என்றால் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு போக மாட்டீர்கள். ஆளைப் பிடிப்பீர்கள். உங்கள் குழாயில் தண்ணீர் வரும். பக்கத்து வீட்டுக்காரர் அவருக்குத் தெரிந்த ஆளைத் தேடிப் போவார். தெருப் பிரச்சினை இப்படித்தான் வீட்டுக்கு வீடு தனிக் காரியமாக உடைந்துபோகிறது. லஞ்சத்தில் போகிற பணத்தைவிட எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

"தமிழ்நாட்டுலதான் எழுபது சதவீதம் ஓட்டு விழுதே. அப்புறம் எங்க பங்கேற்பு குறைஞ்சுது?"

நல்ல கேள்வி. 2011 சட்டமன்றத் தேர்தலில் இங்கே 78 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் கிட்டத்தட்ட 70 சதவீதம். ஊழல் இருந்தால் மக்கள் ஓட்டுப் போடவே வர மாட்டார்கள் என்ற பொதுவான கணக்கு தமிழ்நாட்டுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. சென்னை மாதிரி நகரத்தில் கொஞ்சம் பொருந்தும். அதே 2024 தேர்தலில் தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் 54 சதவீதம் அளவுக்குத்தான் ஓட்டு விழுந்தது. "யார் வந்தாலும் இப்படித்தான்" என்ற பேச்சை நகரத்து அடுக்குமாடிகளில் நிறையக் கேட்கிறேன்.

கிராமங்களில் நடப்பது வேறு. ஓட்டுப்போடும் நாளில் வரிசை நிற்கிறது. அடுத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்கு யாரும் எதையும் கேட்பதில்லை. போன தேர்தலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற ஒரு பெரியவரிடம், கிராம சபைக்குப் போனீர்களா என்று கேட்டேன். "அது அவங்க கூட்டம்தானேப்பா" என்றார். என் கவலை அந்த "அவங்க" என்ற சொல்லைப் பற்றியது.

"ஊழல் வெளியே வந்தா மக்கள் கோபப்பட்டு ஆளை மாத்திடுவாங்கதானே?"

சில இடத்தில் மாற்றுகிறார்கள். பிரேசிலில் 2003 முதல் குலுக்கல் முறையில் நகராட்சிகளைத் தேர்ந்தெடுத்துத் தணிக்கை செய்து, முடிவை வெளியிட்டார்கள். 2004 மேயர் தேர்தலுக்கு முன்பே முறைகேடு வெளியான ஊர்களில், பதவியில் இருந்தவர்கள் திரும்ப ஜெயிப்பது குறைந்தது. உள்ளூர் வானொலி இருந்த ஊர்களில் இன்னும் அதிகமாகக் குறைந்தது. இலங்கையில் 2022-இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மக்கள் கொழும்பில் காலிமுகத்திடலில் திரண்டார்கள். அந்த ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய நாட்டைவிட்டுப் போய்ப் பதவி விலகினார். ஊழல் ஒழிப்பை முன்வைத்த அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பர் தேர்தலில் ஜெயித்தார்.

ஆனால் மெக்சிகோவையும் பார்க்க வேண்டும். அங்கே 2009 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால் 12 நகராட்சிகளில் ஆய்வாளர்கள் வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்தார்கள். உங்கள் நகராட்சியில் இவ்வளவு பணம் முறைகேடாகச் செலவாகியிருக்கிறது என்று அதில் இருந்தது. ஊழல் அதிகம் என்று தெரிந்த பகுதிகளில் ஆளும் கட்சிக்கு ஓட்டு குறைந்தது. எதிர்க்கட்சிக்கும் குறைந்தது. கோபம் வந்தவர்கள் எதிராளிக்குப் போடாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? நான் புரிந்துகொண்டது இது: மாற்ற ஒரு வழி கண்ணுக்குத் தெரிந்தால் கோபம் வேலை செய்யும். தெரியாவிட்டால் அதே கோபம் சலிப்பாகிவிடும். அதனால்தான் "எல்லாரும் திருடனுங்க" என்று பேசுவதோடு நிறுத்துகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம். அப்படிப் பேசினால் கேட்கிறவர் இன்னும் ஒதுங்கித்தான் போகிறார்.

"ஓட்டுக்குக் காசு வாங்குனா என்ன தப்பு? அது நம்ம பணம்தானே?"

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் கஷ்டப்படுகிறவர்கள், அதனால் நான் கோபப்படுவதில்லை. முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

"நம்ம பணம்தானே" என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் மாநிலத்தில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் செலவு செய்ய அனுமதி 40 லட்சம் ரூபாய். தொகுதியில் இரண்டரை லட்சம் வாக்காளர்கள் இருந்து, ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்தால் பன்னிரண்டரைக் கோடி. அது வீட்டை விற்றுக் கொண்டுவந்த பணமாக இருக்காது. போட்டவர் எடுத்தாக வேண்டும். ரோட்டு டெண்டரில் கமிஷனாக, மணலில், பணியிட மாறுதலில் எடுப்பார். நம் பணம்தான், ஆனால் நம்மிடம் திரும்பி வருகிற பணம் என்று இதைச் சொல்ல முடியாது. அடுத்து எடுக்கப்போகிற பெரிய தொகைக்கு நம் கையில் கொடுக்கிற முன்பணம் அது.

வாங்கியவர்கள் அதற்கப்புறம் கேள்வி கேட்கக் கூசுகிறார்கள் என்பது இன்னொரு விஷயம். கால்வாய் தூர்வாரவில்லை என்று கேட்கப் போன பெண்களிடம் வார்டு மெம்பரின் ஆள் "வாங்கினீங்கல்ல?" என்று ஒரே வார்த்தை சொன்னதையும், எல்லோரும் தலை குனிந்து திரும்பியதையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கவரை நீட்டுகிறவர்களுக்கு ஓட்டு மட்டும் போதாது, இந்த மௌனமும் வேண்டும்.

"வாங்கிட்டு வேற ஆளுக்குப் போட்டா கண்டுபிடிச்சிடுவாங்களா?"

நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. யாருக்கு ஓட்டு விழுந்தது என்று நீங்கள் மட்டும் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் விவிபாட் கருவியில் சீட்டு ஏழு நொடி தெரியும், பிறகு பெட்டிக்குள் விழுந்துவிடும். அதில் உங்கள் பெயரோ எண்ணோ கிடையாது. சாமி படத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாலும் பெட்டி யாருக்கும் சொல்லப்போவதில்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது படிவம் 20-இல் வெளியாகிறது. ஆகவே உங்களைத் தெரியாது, உங்கள் தெருவைத் தெரியும். சில நூறு ஓட்டுள்ள சின்ன ஊரில் இந்தப் பயம் நியாயமானது. பல சாவடிகளின் ஓட்டுகளைக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் பல வருடம் முன்பே கேட்டது. சட்ட ஆணையமும் 2015-இல் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டிய சீர்திருத்தம் இது. ஏனோ யாரும் கேட்பதில்லை.

"காசு கொடுத்தது தெரிஞ்சா எலக்‌ஷனையே ரத்து பண்ணுவாங்களே?"

பண்ணியிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் நாட்டிலேயே நம் பெயர்தான் முன்னால் நிற்கிறது. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்கு அப்புறம், ஓட்டுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் முறைக்கு "திருமங்கலம் ஃபார்முலா" என்ற சொல்லே புழக்கத்துக்கு வந்தது. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டிலும் பணப்பட்டுவாடாவுக்காகத் தேர்தல் நிறுத்தப்பட்டு, நவம்பரில் நடந்தது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தாகி டிசம்பரில் நடந்தது. 2019-இல் வேலூர். பணத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது அதுதான் முதல்முறை. அங்கே ஆகஸ்ட் 5-இல்தான் வாக்குப்பதிவு நடந்தது.

ரத்தானால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். மக்கள் சில மாதம் பிரதிநிதி இல்லாமல் இருந்தார்கள். அதே பெரிய கட்சிகள் திரும்பவும் போட்டியிட்டன. ரத்து செய்யும் அதிகாரம் இருப்பது நல்லதுதான். பணம் கொடுத்தவர் போட்டியிட முடியாமல் போகும்வரை அது பாதி மருந்துதான் என்பது என் கருத்து. பணம் கொடுப்பதை நேரில் பார்த்தால் தேர்தல் நேரத்தில் சி-விஜில் செயலியில் படமெடுத்து அனுப்பலாம். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் கணக்கு.

"யாரையும் பிடிக்கல, நோட்டாவுக்குப் போட்டா போதாதா?"

2013 செப்டம்பர் 27-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் நோட்டா வந்தது. அதற்கு முன்னால், யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்று சொல்ல இருந்த 49-ஓ விதியைக் கேட்டால், வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதாவது யாருக்கும் போடவில்லை என்பது அங்கிருக்கும் ஏஜென்ட் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த அம்பலத்தை நோட்டா நிறுத்தியது.

ஆனால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் நோட்டா முதலிடம் பிடித்தாலும் அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர்தான் ஜெயித்தவர். ஆர்.கே. நகரில் 2017-இல் நோட்டா 2,373 ஓட்டு வாங்கியது. மத்தியில் ஆண்ட பாஜகவின் வேட்பாளரைவிட அது அதிகம். செய்தியில் வந்தது, முடிவு மாறவில்லை. வீட்டில் இருப்பதைவிட நோட்டா நல்லது. உங்கள் பெயரில் வேறு யாரும் கள்ள ஓட்டுப் போடாமல் தடுக்கவாவது உதவும். அதோடு கடமை முடிந்தது என்று நினைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

"கிராம சபைக்குப் போய் என்ன ஆகப்போகுது? தீர்மானம் ஏற்கெனவே எழுதி வச்சிருக்காங்க."

பல ஊரில் உண்மை. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி, கூட்டம் நடந்ததாகக் காட்டியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏன் இப்படிக் கஷ்டப்பட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள்? அந்தக் கையெழுத்து அவர்களுக்குத் தேவைப்படுகிறது. கோரம், அதாவது கூட்டம் செல்ல குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது, சட்டத்தில் இருக்கிறது: 500 பேர் வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஆள் வராத கூட்டத்தை நடந்ததாகக் காட்ட உங்கள் கையெழுத்துதான் வேண்டும். கூட்டத்துக்குப் போகாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம். தனியாகப் போகாதீர்கள், ஐந்தாறு பேராகப் போங்கள். பெண்கள் போனால் இன்னும் நல்லது. நான் பார்த்தவரை அவர்களை அதட்டி உட்காரவைப்பது கடினம். ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். வரவு செலவுக் கணக்கான படிவம் 30-ஐப் படிக்கச் சொல்லுங்கள். "போன வருடம் தெருவிளக்குக்கு எவ்வளவு செலவு?" என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அன்றைக்கே அதை மனுவாக எழுதி ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

தேர்ந்தெடுத்த தலைவரே இல்லாத காலமும் உண்டு. 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் இங்கே உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2025 ஜனவரி 5-இல் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் நாற்காலி காலியாக இருந்தாலும் கிராம சபை இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர்.

"நாங்க டவுன்ல இருக்கோம். எங்களுக்கு என்ன இருக்கு?"

பகுதி சபை இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி வார்டுகளில் 2022 நவம்பர் 1-இல் முதல்முறையாகக் கூட்டப்பட்டது. எப்போது, எங்கே என்று கவுன்சிலரிடம் கேட்டு வையுங்கள். மேலே சொன்ன கிராம சபை யோசனைகள் இங்கேயும் செல்லும்.

"ஆர்டிஐ போடுறதுக்கு வக்கீல் வேணுமா? எதுக்குக் கேக்குறேன்னு கேட்டா?"

வக்கீல் வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். காரணம் கேட்கக் கூடாது என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவே சொல்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "பொதுத் தகவல் அலுவலர்" என்று போட்டு அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தில் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, அப்புறம் மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் இழுத்தடித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் போடலாம். ஆணையத்தில் தாமதம் உண்டு, பொறுமை வேண்டும்.

"ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்காதீர்கள். "ஏன்" என்பதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. "இந்தத் தெரு ரோட்டின் மதிப்பீடு, பணி உத்தரவு, அளவுப் புத்தகம், பில் இவற்றின் நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். வேலை நடந்த இடத்தை ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் மாதிரியை எடுக்கவும்கூட இதே சட்டத்தில் உரிமை இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. நாலு அங்குலம் என்று பில்லில் இருந்து, தோண்டிப் பார்த்தால் இரண்டு அங்குலம் இருந்தால், அதற்கு மேல் மேடைப் பேச்சு எதுவும் தேவையில்லை.

இந்தச் சட்டம் தானாக வரவில்லை. ராஜஸ்தானில் 1990-களில் கூலித் தொழிலாளர்களும் விவசாயிகளும், தங்கள் பெயரில் கூலி கொடுத்ததாக எழுதிய பதிவேட்டைக் காட்டச் சொல்லி நடத்திய போராட்டத்தில் முளைத்தது. ஊர் நடுவில் பதிவேட்டைச் சத்தமாகப் படிப்பார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி போயிருப்பது அங்கேயே தெரிந்துவிடும்.

"கேட்டா அடிப்பாங்க, கொன்னுடுவாங்க. பிள்ளைக்குட்டிக்காரங்க என்ன பண்றது?"

இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். 2023 ஏப்ரல் 25-இல் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்ததற்காக அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அரசு ஊழியருக்கே அந்த நிலை. ஊழலை வெளியே சொல்பவர்களைப் பாதுகாக்க 2014-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதை இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.

மணல், கல் குவாரி, நில அபகரிப்பு ஆகியவற்றில் தனியாக இறங்காதீர்கள். அதே தகவலை ஒரே வாரத்தில் பத்துப் பேர் பத்துத் தாலுகாவிலிருந்து கேட்டால் யாரைக் குறிவைப்பது என்று தெரியாது. ஏற்கெனவே இயங்கும் அமைப்போடும் ஒரு நிருபரோடும் சேர்ந்து செய்யுங்கள். பயமாக இருந்தால் தெருவிளக்கில் தொடங்குங்கள். கேட்டுப் பழகுவதற்கு அது போதும்.

"எல்லாக் கட்சியும் ஒண்ணுதான். யாருக்குப் போட்டா என்ன?"

ஒன்றுபோல் இருப்பது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், வேட்பாளர்கள் ஒன்றுபோல் இல்லை. சொத்து, கடன், குற்ற வழக்கு விவரங்களை ஒவ்வொருவரும் படிவம் 26-இல் பிரமாணமாகக் கொடுக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். போன தேர்தலில் காட்டிய சொத்தையும் இப்போது காட்டியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் ஊர் டீக்கடையில் அந்த இரண்டு தாளை ஒட்டியபோது, கட்சிப் பேச்சு நின்று இரண்டு நாள் சொத்துப் பேச்சுதான் ஓடியது.

தண்டனையும் ஒரேயடியாக இல்லாமல் போகவில்லை. 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்கு அப்புறம், இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற எம்.எல்.ஏ., எம்.பி. உடனே பதவியிழக்கிறார். ஊழல் தடுப்புச் சட்டத்தில் என்றால் அபராதம் மட்டும் விதித்தாலும் ஆறு வருடம் போட்டியிட முடியாது.

"நல்லவங்க நின்னா டெபாசிட் போயிடுது. அப்புறம் எதுக்கு நிக்கணும்?"

ஊழல் கடைசியாக அடிக்கிற இடம் இதுதான். மேலே போட்ட பன்னிரண்டரைக் கோடிக் கணக்கைப் பார்த்ததும் நேர்மையானவர் ஒதுங்கிவிடுகிறார். சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000 ரூபாய்தான். பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. பதிவான செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் போய்விடும்.

சட்டமன்றத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். ஊராட்சி வார்டில் முந்நூறு நானூறு ஓட்டுதான் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே நடந்து போகலாம், கவருக்கு வேலை குறைவு. சில ஊரில் தலைவர் பதவியையே ஏலம் விடுகிறார்கள், கோயிலுக்குப் பணம் என்று சொல்லி. அது சட்டவிரோதம். உங்கள் ஊரில் நடந்தால் மனுத் தாக்கலுக்கு முன்பே ஆட்சியருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் எழுதுங்கள். ஏலத்தில் போட்டியே இல்லாமல் பதவி போகும்போது ஊரே ஓட்டுரிமையை இழக்கிறது.

"நானே லஞ்சம் கொடுத்திருக்கேன், ஓட்டுக்கும் வாங்கியிருக்கேன். எனக்குப் பேச அருகதை இருக்கா?"

இதைச் சத்தமாக யாரும் கேட்பதில்லை. மனுவை மடித்துக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்பார்கள்.

முதலில் சட்டம். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தத்துக்கு அப்புறம் லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான். ஆனால் வற்புறுத்தலால் கொடுத்திருந்தால், ஏழு நாளுக்குள் போலீசிலோ ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிலோ சொன்னால் உங்கள் மேல் குற்றம் வராது. கேட்டபோதே சொன்னால் இன்னும் நல்லது. ரசாயனப் பொடி தடவிய நோட்டைக் கொடுத்து அனுப்பி, வாங்கும்போதே பிடிப்பார்கள்.

ஏழு நாள் எப்போதோ தாண்டிவிட்டதா? பேசலாம். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது, ஆர்டிஐ மனுவை யாரும் நடத்தைச் சான்று கேட்டு வாங்குவதில்லை. கால்வாய் கேட்கப்போய்த் தலை குனிந்து திரும்பிய பெண்களைப் பற்றி மேலே சொன்னேன். அவர்களில் ஒருவர் அடுத்த கிராம சபையில் எழுந்து, "ஆமா, ஐநூறு வாங்கினேன். அதுக்காகக் கால்வாய் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேனா?" என்று கேட்டார். கூட்டத்தில் சத்தமே இல்லை. ஊராட்சிச் செயலர் பேனாவை எடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தார்.